அடாலிமுமாப் ஊசிப் பேனா: 39 ஊசிகளுக்குப் பிறகு

சட்டைக்குக் கையால் காஜா எடுப்பதுதான் எனக்கு அளவுகோல். ஒரு காஜாவைச் சுற்றி நெருக்கமாகத் தையல் விழ வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியைக் கிள்ளிப் பிடிக்கவும், முடிச்சை இழுத்து விளிம்பில் உட்கார வைக்கவும் வேண்டும். முடக்குவாதம் வந்த இரண்டாம் வருடத்தில், ஒரு சட்டைக்கு ஏழு காஜா எடுக்க எனக்கு முழுதாக ஒரு நாள் பிடித்தது. நடுநடுவே கையை வெந்நீரில் வைத்து எடுப்பேன். இப்போது அதே ஏழு காஜா ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இடையில் வந்தது அடாலிமுமாப். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 40 மில்லிகிராம், பேனா வடிவ ஊசி. 18 மாதத்தில் 39 போட்டிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வராது. இந்த மருந்தை இன்று பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பேனாவின் உருவமும் மூடியின் நிறமும்தான் மாறும், உள்ளே இருப்பது செய்யும் வேலை ஒன்றேதான். அந்த வேலை என்னவென்று தெரியாமல் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. அதனால் பேனாவைப் பற்றிக் கொஞ்சமும், அது தடுக்கிற பொருளைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

முதலில் பேனா. இதைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறையவே கூடாது. உறைந்து பிறகு இளகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான், ஏனென்றால் உள்ளே இருப்பது புரதம். என் மூன்றாவது பேனா அப்படித்தான் போனது. பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்துவிட்டேன், மறுநாள் பார்த்தால் அட்டைப்பெட்டியின் மேல் பனி படிந்திருந்தது. அதிலிருந்து நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள் வைக்கிறேன். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். குளிர்ச்சியோடு போட்டால் எரியும். சீக்கிரம் ஆகட்டும் என்று வெந்நீரில் வைப்பதும் வெயிலில் வைப்பதும் கூடாது.

இடம், தொடையின் முன்பக்கம் அல்லது தொப்புளிலிருந்து குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வயிறு. நான் தொடையில்தான் போடுகிறேன். ஒரு முறை இடது, மறுமுறை வலது. தோலைத் துடைத்து, ஈரம் காயவிட்டு, மூடியைக் கழற்றி, பேனாவைச் செங்குத்தாக வைத்து அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். ஊசி கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் உள்ள சின்னச் சாளரத்தில் நிறம் மெல்ல ஏறும். அது முழுக்க நிரம்பும் வரை கையை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். முதல் தடவை அந்தச் சத்தத்திலேயே பதறி, பேனாவைச் சட்டென்று தூக்கிவிட்டேன். மருந்து ஒரு கோடாகத் தொடையில் வழிந்து துணியில் இறங்கியது. இப்போது பதினைந்து வரை எண்ணிவிட்டுத்தான் எடுக்கிறேன். சிட்ரேட் என்ற உப்பு கலக்காத பேனா கிடைத்தால் அதையே கேளுங்கள். இரண்டையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பழையதில் அரை நிமிடம் குளவி கொட்டியது போல இருக்கும். புதியதில் தையல் ஊசி லேசாகக் குத்திய அளவுதான்.

பேனாவைப் பற்றி இவ்வளவு போதும்.

மருத்துவர் இதை எழுதும்போது, "இது டிஎன்எஃப்பைத் தடுக்கும்" என்றார். "அது என்ன டாக்டர்? என் உடம்புல அது எதுக்கு இருக்கு?" என்று கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, வெளியே ஆட்கள் காத்திருந்தும், பத்து நிமிடம் உட்கார்ந்து சொன்னார். அன்று கேட்டதும், பிறகு நானே தேடிப் படித்ததும் சேர்ந்துதான் இது.

நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசுவது சிறுசிறு புரதங்கள் வழியாக. அவற்றுக்குப் பெயர் சைட்டோகைன். ஒரு செல் அதை வெளியே விடுகிறது. இன்னொரு செல் தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் அதை வாங்கிக்கொள்கிறது. அதற்கான ஏற்பி இல்லாத செல்லுக்கு அந்தச் செய்தி காதில் விழாது. ஏற்பி உள்ள செல்களிலும் ஒரே செய்தி வெவ்வேறு வேலையைத் தொடங்கி வைக்கும். ரத்தக் குழாயின் சுவர்ச் செல்லுக்குக் கிடைத்தால் சுவர் இளகி, ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் அதில் ஒட்டி வெளியேற வழிவிடும். மூளைக்கு எட்டினால் காய்ச்சலும் அசதியும் பசியின்மையும் வரும். மிக மிகக் குறைந்த அளவே போதும். பெரும்பாலும் இந்தப் பேச்சு பக்கத்துச் செல்களோடு நின்றுவிடும். அளவு மீறும்போதுதான் ரத்தத்தில் கலந்து தூரத்துக்குப் போகும்.

அந்தச் சைட்டோகைன்களில் ஒன்றுதான் டிஎன்எஃப். 'கட்டியைக் கருக வைக்கும் பொருள்' என்பது அதன் முழுப்பெயரின் அர்த்தம். 1975இல் லாயிட் ஓல்டின் குழு, எலிகளின் கட்டியை அது கருக வைப்பதைக் கண்டதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பத்து வருடம் கழித்து, நாட்பட்ட நோயில் உடம்பை உருக்கி இளைக்க வைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்த புரூஸ் பாய்ட்லரும் ஆந்தனி செராமியும் கண்டுபிடித்ததும் இதே பொருள்தான் என்று தெரிந்தது. அதைப் படித்தபோது, நோய் முற்றியிருந்த வருடத்தில் நான் ஆறு கிலோ குறைந்தது நினைவுக்கு வந்தது. சாப்பாடு சரியில்லை என்று என்னை எத்தனை பேர் கண்டித்திருப்பார்கள்.

டிஎன்எஃப்பின் வடிவம் எனக்கு உடனே பிடிபட்டது. ஒரே மாதிரியான மூன்று துண்டுகள் சேர்ந்து நிற்கின்றன. செல்லின் மேலுள்ள ஏற்பிகள் அதைச் சுற்றி மூன்றாகக் கூடுகின்றன. மூன்று ஹூக்கும் மூன்று வளையத்தில் மாட்டுவது போல. வெளியே அவை கூடியதும், செல்லுக்குள் இருக்கும் அவற்றின் வால்களும் ஒன்றாகக் கூடுகின்றன. அங்கே என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை இன்னொரு புரதம் அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கும். செய்தி வந்ததும் பிடித்து வைத்திருந்ததை செல்லே அழித்துவிடுகிறது. விடுபட்டது நேராக உட்கருவுக்குள் போய் அழற்சிக்கான மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. அவற்றில் இன்னும் டிஎன்எஃப் செய்யச் சொல்லும் மரபணுவும் உண்டு. என் விரல் மூட்டுகள் ஏன் தானாக அடங்கவே இல்லை என்று எனக்குப் புரிந்த இடம் இதுதான்.

மூட்டின் உள்ளுறை மெல்லியதாக இருக்க வேண்டும். முடக்குவாதத்தில் அது தடித்து, உள்ளே நோயெதிர்ப்புச் செல்கள் கூடாரமடித்துவிடுகின்றன. அங்கே மேக்ரோஃபேஜ்கள் என்ற, கிருமிகளை விழுங்கும் செல்கள் விடும் டிஎன்எஃப்பைக் கேட்டு, பக்கத்துச் செல்கள் குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளை விடுகின்றன. எலும்பைக் கரைக்கும் செல்கள் பெருகுகின்றன. இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6 என்று வேறு சைட்டோகைன்களும் கிளம்புகின்றன. இந்த இன்டர்லியூக்கின்-6 ரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைச் செய்து பதில் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்து நாம் பார்க்கிற சிஆர்பி அதுதான். என் ரிப்போர்ட்டில் 38 என்று இருந்தது. விரல் மூட்டில் நடந்த பேச்சைக் கல்லீரல் எவ்வளவு சத்தமாகக் கேட்டது என்பதன் கணக்கு அது.

இத்தனை செய்திகள் பறக்கும்போது ஒன்றை மட்டும் தடுத்து என்ன பயன்? எனக்கும் இதே சந்தேகம் வந்தது, அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் பலருக்கும் இதே சந்தேகம் இருந்திருக்கிறது. ஒன்றைத் தடுத்தால் அதே வேலையை இன்னொன்று செய்துவிடும் என்று நினைத்தார்கள். லண்டனில் மார்க் ஃபெல்ட்மனின் குழு, நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வளர்த்து, டிஎன்எஃப்பைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை அதில் விட்டுப் பார்த்தது. டிஎன்எஃப்போடு சேர்ந்து இன்டர்லியூக்கின்-1ம் இறங்கியது. 1989இல் இதை வெளியிட்டார்கள். மற்றவை இதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன என்பதற்கு அது சாட்சி. 1992இல் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிகளுக்கு, டிஎன்எஃப்பைப் பிடிக்கும் ஆன்டிபாடி மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுத்தார்கள். 2003இல் இருவருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. இவர்களை நான் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு பேனாவையும் எடுக்கும்போது மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

இன்ஃப்ளிக்ஸிமாப்பில் ஒரு பகுதி எலியின் ஆன்டிபாடி. அடாலிமுமாப் முழுக்க மனித ஆன்டிபாடியின் அமைப்பு. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் மேல் ஆன்டிபாடித் துண்டுகளை ஏற்றி, சரியாகப் பிடிப்பதைப் பொறுக்கியெடுக்கும் முறையில் இதை உருவாக்கினார்கள். அந்த முறைக்காக கிரெகரி வின்டர் 2018இல் வேதியியல் நோபலில் பங்கு பெற்றார். மருந்து செய்வது இவ்வளவுதான்: இரண்டு கையாலும் டிஎன்எஃப்பைப் பிடித்துக்கொண்டு ஏற்பியில் மாட்டவிடாமல் செய்கிறது. ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இரண்டு வார இடைவெளியின் காரணமும் அதுதான்.

சரி, எனக்கு என்ன ஆயிற்று? முதல் ஊசி போட்ட நான்காம் நாள் அசதி விலகியது. மூட்டு அன்றும் வீங்கித்தான் இருந்தது. ஆனால் மதியம் படுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. சாயங்காலம் வரை மிஷினில் உட்கார்ந்திருந்தேன், எழுந்தபோதுதான் அதைக் கவனித்தேன். மூன்று வருடமாக என் சோம்பல் என்று நான் நினைத்தது, மூளைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு செய்தி. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

ஆறாவது வாரத்தில் மோதிரம் ஏறியது. பன்னிரண்டாவது வாரத்தில் சிஆர்பி 6. காலையில் விரல் விறைப்பு இரண்டு மணி நேரம் இருந்தது பதினைந்து நிமிடமாகக் குறைந்தது. வலது கை நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் கொஞ்சம் சாய்ந்தே நிற்கின்றன. அரித்துப்போன எலும்பை இந்த மருந்து திரும்பக் கொண்டுவராது. ஒரு வருடம் முன்னால் தொடங்கியிருந்தால் அந்த இரண்டு விரலும் நேராக இருந்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஊசிக்குப் பயந்து தள்ளிப் போடுகிறவர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும்.

இப்போது இதன் மறுபக்கம்.

தொடங்கும் முன் டிபி பரிசோதனை கட்டாயம். யாராவது அது வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிபி கிருமி உள்ளே புகுந்து பல வருடம் சும்மா இருக்கலாம். மேக்ரோஃபேஜ்கள் அதைச் சுற்றி வளைத்து ஒரு முடிச்சாகக் கட்டி வைத்திருக்கும். அந்த முடிச்சு அவிழாமல் இருக்க டிஎன்எஃப் ஓயாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதை நாம் நிறுத்தினால் முடிச்சு தளர்ந்து கிருமி வெளியே வந்துவிடும். இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டவர்களில் 70 பேருக்கு இப்படி டிபி கிளம்பியதை 2001இல் வெளியிட்ட பிறகுதான் இந்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் வழக்கமானது. எனக்கு மார்பு எக்ஸ்ரேயும் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ரத்தத்தை டிபி கிருமியின் புரதத்தோடு ஒரு குழாயில் வைக்கிறார்கள். அந்தக் கிருமியை முன்பே சந்தித்த டி-செல்கள் (நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) ரத்தத்தில் இருந்தால், அவை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான்-காமாவை விடும். அதை அளக்கிறார்கள். அதுவும் ஒரு சைட்டோகைன்தான். ஒரு செய்தியை நிறுத்தப் போகிற மருந்துக்கு முன்னால், இன்னொரு செய்தியை ஒட்டுக் கேட்டுத்தான் அனுமதி தருகிறார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது.

அதற்கப்புறம் நான் செய்த தவறு. தையல் வேலையில் விரலில் ஊசி குத்துவது தினசரி நடப்பது. ஒன்பதாவது மாதத்தில் இடது ஆள்காட்டி விரல் நுனியில், நகத்தை ஒட்டி ஊசி ஏறியது. வழக்கமாக மறுநாள் சிவந்து, துடித்து, மூன்றாம் நாள் ஆறிவிடும். இந்த முறை சிவப்பு லேசாகத்தான் இருந்தது, துடிப்பே இல்லை. நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் ஊசிப் பேனாவின் முறை வந்தது, அதையும் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் விரல் நடுக்கணு வரை வீங்கி, நகத்துக்கு அடியில் சீழ். கீறி எடுத்து, பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் கை முழுக்கப் போயிருக்கும் என்றார் மருத்துவர்.

அந்தப் பத்து நாளும் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு, சூடு, வீக்கம், வலி. மூட்டில் எதையெல்லாம் வெறுத்தேனோ அதெல்லாம் விரல் நுனியில் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது. குழாய்ச் சுவரை இளக்கி வெள்ளணுக்களை முதல் நாளே அங்கே அழைத்திருக்க வேண்டியது டிஎன்எஃப். அதைத்தான் நான் கட்டிப்போட்டிருந்தேன். மருந்து கெட்டதும் இல்லை, டிஎன்எஃப் கெட்டதும் இல்லை. எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. மருந்துக்கோ மூட்டும் தெரியாது, விரல் நுனியும் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியது நாம்தான். சின்னக் காயம், இருமல், சிறுநீர்க் கடுப்பு, பல் வீக்கம் எதுவானாலும் பேனாவைத் தொடும் முன் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். நான் இப்போது உலோக விரலுறை இல்லாமல் ஊசியைத் தொடுவதில்லை.

அப்போது இரண்டு ஊசி தள்ளிப்போனதில் ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்தது. ஐந்தாவது வாரம் காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை. நோய் போய்விடவில்லை, வாயடைத்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மீத்தோட்ரெக்சேட் மாத்திரையைக் கூடவே தொடரச் சொன்னால் தொடருங்கள். மனித அமைப்பு என்றாலும், இந்த மருந்தையே வேற்றுப் பொருளாக எண்ணி உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்யக்கூடும். அப்படிச் செய்துவிட்டால் மருந்தின் வேலை மங்கிப்போகும். மாத்திரை அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. வாரம் ஒரு நாள் வரும் குமட்டலை நான் அதற்காகவே பொறுத்துக்கொள்கிறேன்.

மற்ற மருந்துகளைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. எட்டனர்செப்ட்டும் டிஎன்எஃப்பைத்தான் பிடிக்கிறது, வழிதான் வேறு. நம் செல்களே சில நேரம் தங்கள் ஏற்பிகளை அறுத்து வெளியே மிதக்க விடும். மிதக்கும் ஏற்பி டிஎன்எஃப்பைப் பிடித்து வீணாக்கிவிடும், இது உடம்பே வைத்துக்கொண்டிருக்கும் பிரேக். எட்டனர்செப்ட் அந்தப் பிரேக்கைப் பார்த்துச் செய்தது. டோசிலிசுமாப் இன்டர்லியூக்கின்-6இன் ஏற்பியை அடைக்கிறது. அதைப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கல்லீரலுக்குச் செய்தியே போகாததால், தொற்று இருக்கும்போதுகூட சிஆர்பி ஏறாமல் இருக்கலாம். ரிப்போர்ட்டை நம்பி ஏமாறக் கூடாது. ஜேக் தடுப்பு மாத்திரைகள் செல்லுக்கு உள்ளே வேலை செய்கின்றன. பல சைட்டோகைன்களின் ஏற்பிகளுக்குக் கீழே இருக்கும் பொதுவான நொதிகளைத் தடுப்பதால், ஒரே மாத்திரை பல செய்திகளைக் குறைக்கும். ஊசி இல்லை என்பதற்காக அதை லேசான மருந்து என்று நினைத்துவிட வேண்டாம்.

இதயச் செயலிழப்பு முற்றியவர்கள், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள், அடங்காத தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கு அடாலிமுமாப் ஆகாது. உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளை இதைப் போடும்போது எடுக்கக் கூடாது. போட வேண்டியதைத் தொடங்கும் முன்பே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். மற்றத் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும்.

பேனாவோடு வரும் தாளைப் பற்றி எனக்கு ஒரு குறை. எழுத்து பொடியோ பொடி. எங்கே குத்துவது, எப்படித் தூக்கிப் போடுவது என்று படம் படமாகப் போட்டவர்கள், டிஎன்எஃப் உடம்பில் எதற்கு இருக்கிறது என்று நான்கு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நான் அந்த விரலோடு அன்று பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் நோய் அடங்கியிருப்பவர்களுக்கு ஊசியின் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்பதுண்டு. அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று வாரமாக்கலாமா என்று கேட்கப் போகிறேன். சரி என்றால், காஜா எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று வாராவாரம் குறித்து வைத்து இங்கேயே எழுதுகிறேன்.